தொலைக்கல்வியில் வரலாறு: இடுபணி இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது, உதவி வேண்டும்

தோட்டத்து மாணவி (சுங்கை சிப்புட்)

வணக்கம். சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு தொலைக்கல்வியில் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். வகுப்பு கிடையாது. பாடநூலும் இடுபணித் தலைப்பும் வந்துவிடும். அவரவர் வேகத்தில் படித்து எழுதி அனுப்ப வேண்டும்.

இப்போதைய தலைப்பு: 1948இல் மலாயாவில் நெருக்கடி நிலை ஏன் அறிவிக்கப்பட்டது? எங்கள் ஊர்க் கதையாயிற்றே என்று ஆசையோடு எட்டுப் பக்கம் எழுதினேன். "நடந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், ஆராயவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இன்னும் நான்கு பக்கம் சேர்த்து அனுப்பினேன். மறுபடியும் அதே வரி. தேதி ஒன்றுகூடத் தவறில்லை. கேட்டுத் தெளிய அருகில் யாரும் இல்லை. பெரிய நூலகத்துக்கு ஈப்போ போக வேண்டும். கெடுவும் இல்லாததால் மூன்று வாரமாகப் பாடநூலைத் திறக்கவே மனம் வரவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தைப்பிங்)

கட்டுரையின் முதல் பத்தியை அப்படியே இங்கே எழுதுங்கள் அம்மா. பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது.

தோட்டத்து மாணவி

இதோ ஐயா: "1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனால் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அன்றே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜூன் 18இல் அது மலாயா முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது."

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தைப்பிங்)

தவறு "இதனால்" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் கேள்விக்கு விடை சொல்லி முடித்துவிட்டீர்கள். பிறகு எத்தனை பக்கம் சேர்த்தாலும் அது கதையாகத்தான் இருக்கும்.

மூன்று கொலைகள் தீப்பொறி. வைக்கோல் எப்படிக் காய்ந்தது என்பதே கேள்வி. ஜப்பானியர் போன பிறகு அரிசித் தட்டுப்பாடு, விலையேற்றம், குறைந்த கூலி. தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் வலுத்தது. பிரிட்டிஷ் அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது: சங்கப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும், வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணையக் கூடாது என்று. கொலைகளுக்கு முன்பே நடந்தது இது. இன்னொரு பக்கம், பின்னால் அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சிக்குள்ளும் மாற்றம். தலைவர் லாய் தெக் 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடிவிட, சின் பெங் பொறுப்பேற்றார். 1948 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்த இளைஞர் மாநாட்டில்தான் ஆயுதப் போருக்குக் கட்டளை வந்தது என்பார் உண்டு. உள்நாட்டு நெருக்கடியே போதுமான காரணம் என்பாரும் உண்டு.

இவற்றில் எதற்கு எவ்வளவு எடை? அதை நீங்கள் தீர்ப்பாகச் சொல்லி, ஏன் என்று காட்ட வேண்டும். ஆராய்ச்சி என்று உங்கள் விரிவுரையாளர் கேட்பது அதைத்தான். பன்னிரண்டு பக்கத்தை ஐந்தாகக் குறையுங்கள்.

இரவு வேலைக்காரர் (கூலிம்)

தங்கையே, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே இப்படித்தான் நானும் பட்டம் முடித்தேன். ஈப்போ போக முடியவில்லை என்று கவலைப்படாதீர்கள். 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1948 மே, ஜூன் இதழ்களைக் கைப்பேசியிலேயே படிக்கலாம். அன்று வேலைநிறுத்தச் செய்தியை எப்படி எழுதினார்கள், கூலிக் கோரிக்கைக்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். முதலாளிகளும் அதிகாரிகளும் படித்த பத்திரிகை என்பதை மறக்காமல் படியுங்கள்.

கெடு இல்லாதது பெரிய ஆபத்து. என்னை மூழ்கடித்தது பாடமல்ல, "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான். பக்கக் கணக்கு வைக்காமல் கேள்விக் கணக்கு வைத்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. ஞாயிறு இரவுக்குள் பாடநூலை மூடிவைத்துவிட்டு அரைப் பக்க விடை. அதை நண்பர் ஒருவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவிடுவேன். அவர் படித்தாரோ இல்லையோ, அனுப்ப வேண்டுமே என்ற எண்ணம் என்னை உட்கார வைத்தது.

தோட்டத்து மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்போது சிறுமி. லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றி முள்கம்பி போட்டதையும், ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்ததையும் சொன்னார். வெறும் வயிற்றோடு பால் வெட்டிய தன் தாயாரைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டார். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதே இல்லை. இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தைப்பிங்)

இந்த இடுபணியில் சேர்க்காதீர்கள் அம்மா. மனம் வராதுதான். ஆனால் முள்கம்பியும் உணவுக் கட்டுப்பாடும் அறிவிப்புக்குப் பிறகு வந்தவை. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்ச் சேராமல் தடுக்கச் செய்தவை. மக்களைப் பெருமளவில் இடம் மாற்றிய பிரிக்ஸ் திட்டமே 1950இல்தான் தொடங்கியது. பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாகக் காட்ட முடியாது. நெருக்கடி நிலையின் விளைவுகளைப் பற்றித் தலைப்பு வரும்போது, அச்சிட்ட எந்த நூலையும்விட அது கனமான சான்று.

ஆகவே இன்றே பதிவு செய்துவிடுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, கேட்ட தேதி, தோட்டத்தின் பெயர், அப்போது அவருக்கு என்ன வயது என்பதைக் குறியுங்கள். 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் பற்றி லயத்தில் என்ன பேசினார்கள் என்றும் கேளுங்கள்.

தோட்டத்து மாணவி

கேட்கிறேன் ஐயா. முதல் பத்தியில் "இதனால்" என்ற சொல்லை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. ஞாயிறு இரவு அரைப் பக்கம் இங்கே போடுகிறேன். கூலிம் அண்ணனும் படித்துச் சொல்லுங்கள்.