மீட்டியார் 350-க்கு விண்ட்ஷீல்டு, சேடில் பேக், லைட்டு: நம்ம ஊர் ரோட்டுக்கு வேணுமா, வேண்டாமா?

தக்கலை350
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பைக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். முதல்ல வச்சிருந்தவர் ஒரு ஸ்குரூகூட மாத்தாம அப்படியே வச்சிருந்தார். தினமும் தக்கலையில இருந்து நாகர்கோவில் வேலைக்குப் போவேன். சனிக்கிழமை சாயந்திரம் மனைவியோட அவங்க அம்மா வீட்டுக்கு, குலசேகரம் தாண்டி உள்ள. மாசத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலி. 20,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன். முன்னால காத்தைத் தடுக்கிற பெரிய கண்ணாடி (விண்ட்ஷீல்டு), வண்டி சாஞ்சா காலைக் காக்கிற லெக் கார்டு, பின்னால ரெண்டு பக்கமும் தொங்குற சேடில் பேக், முன்னாடி ரெண்டு எல்.இ.டி. லைட்டு, காசு மிஞ்சினா கொஞ்சம் சத்தம் வர்ற சைலன்சர். எதை முதல்ல போடலாம்?

ஆரல்காத்து
தம்பி, ஆறு மாசம் எதையும் போடாம ஓட்டுங்க. வண்டி ஏற்கெனவே 191 கிலோ, பவர் 20 குதிரைத்திறன் சொச்சம். நீங்க சொன்ன எல்லாத்தையும் மாட்டினா ஒரு சின்ன ஆளை எப்பவும் ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஆயிரும்.

முக்கியமா அந்தப் பெரிய விண்ட்ஷீல்டு. திருநெல்வேலி போறவர்னா எங்க ஆரல்வாய்மொழி வழியாத்தானே போவீங்க? ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்தக் கணவாய்ல காத்து எப்படின்னு முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாடிகளைப் பாத்தாலே தெரியும். நான் பெரிய கண்ணாடி போட்டு ஒரு சீசன் ஓட்டினவன். ஒரு நாள் லாரியை ஓவர்டேக் பண்ணினேன். லாரியோட மறைவுல இருக்கிற வரைக்கும் காத்தே இல்லை. லாரியோட மூக்கைத் தாண்டின நொடியில பக்கத்துல இருந்து யாரோ ஹேண்டில்பாரைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி இருந்தது. மீடியன் பக்கம் மூணு அடி போயிட்டேன். அந்தக் கண்ணாடி, முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குல மாட்டினது. கண்ணாடி மேல படுற காத்து நேரா ஸ்டியரிங்குக்குத்தான் போகும். மறுநாளே கழட்டிட்டேன்.

முட்டம்_கடலோரம்
அண்ணே, உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கல. ஆனா ‘எதையும் போடாதே’ங்கிறது சரியில்லை. மீட்டியார் மாதிரி க்ரூஸர் வகை பைக்குல ஆள் நிமிர்ந்து உக்காருறாரு, காலை முன்னால நீட்டுறாரு. நெஞ்சு முழுக்கக் காத்துக்குத் திறந்து கிடக்கு. முட்டத்துல இருந்து கடற்கரை ரோட்டுல நாலு வருஷமா தினமும் ஓட்டுறேன். கண்ணாடி இல்லாத முதல் வருஷம் வீட்டுக்கு வரும்போது கழுத்தும் தோளும் கல்லு மாதிரி இருக்கும். கண்ணாடி போட்ட பிறகு அந்த வலி போயிட்டு.

இன்னொண்ணு. இதே மீட்டியார்ல சூப்பர்நோவா வேரியண்ட்டுக்கு விண்ட்ஷீல்டும் பின்னால உக்காருறவங்களுக்குப் பேக்ரெஸ்டும் கம்பெனியே மாட்டிக் குடுத்தது. பஜாஜ் அவெஞ்சர் க்ரூஸும் கண்ணாடியோடதான் வந்தது. வண்டியை வடிவமைச்சவங்களே இடம் விட்டு வச்ச பொருளு இது. தப்பு கண்ணாடியில இல்லை, உயரத்துல.

தம்பி, வண்டியில உக்காந்து நேரா ரோட்டைப் பாருங்க. கண்ணாடியோட மேல் விளிம்பு உங்க மூக்கு மட்டத்துல நிக்கணும். கண்ணாடிக்கு மேல ரோட்டைப் பாக்கணும், அதுக்கு ஊடால பாக்கக் கூடாது. ராத்திரி மழையில எதிர்ல பஸ் வரும்போது பிளாஸ்டிக் மேல இருக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு லைட்டா மாறும், ரோடே தெரியாது. விளிம்பு நேரா கண்ணு மட்டத்துல வந்தா அதைவிட மோசம், சுழல் காத்து ஹெல்மெட்டைப் பிடிச்சு உலுக்கும்.

கடலோரத்துல ஓட்டினா உப்பு படியும். காஞ்ச துணியால துடைச்சா ஒரே மாசத்துல கண்ணாடி பூரா கீறல். முதல்ல வெள்ளம் ஊத்தி உப்பைக் கரைச்சுட்டு அப்புறம்தான் துணி. பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது, கண்ணாடியோட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் விரிசல் விட்டுரும்.

மார்த்தாண்டம்_ஒயரிங்
நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். விண்ட்ஷீல்டு சண்டையை நீங்க பாத்துக்கிடுங்க, லைட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்றேன். இதுல யாரும் விளையாடாதீங்க.

போன வாரம் ஒரு வண்டி வந்தது. எக்ஸ்ட்ரா லைட்டு போட்டு எட்டு மாசம்தான் ஆகுது. ஸ்டார்ட் ஆகுது, நிக்குது. ஹார்ன் ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. டேங்கைக் கழட்டிப் பாத்தா, லைட்டுக்குக் கரண்டு எடுக்க ஹெட்லைட் ஒயர்லயே ஒரு கடிக்கிற கிளிப்பை அமுக்கி விட்டிருக்காங்க. கிளிப்போட பல்லு ஒயர் தோலைக் குத்தின ஓட்டை வழியா உப்புக் காத்தும் மழை வெள்ளமும் உள்ள போயிருக்கு. தோலை உரிச்சேன். ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு பச்சையாப் பூத்து, தொட்டா மாவு மாதிரி உதிருது. வெளியில இருந்து பாத்தா ஒயர் புதுசு மாதிரியே இருக்கு. கொல்லங்கோடு, குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கத்து வண்டிகள்ல இதைத் திரும்பத் திரும்பப் பாக்கிறேன்.

கணக்கைப் பாருங்க. 40 வாட் லைட்டு ரெண்டு போட்டா 80 வாட். 12 வோல்ட்டுல அது ஏறக்குறைய 7 ஆம்பியர். ஹெட்லைட் ஒயர் ஏற்கெனவே 60 வாட் பல்பைச் சுமக்குது, இதையும் அது மேல ஏத்தக் கூடாது. பேட்டரியில இருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃபியூஸ், நடுவுல ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்), சாவி ஆஃப் பண்ணினா லைட்டும் அணையணும். படகுகளுக்குன்னு வெள்ளீயம் பூசின செம்பு ஒயர் வருது, நம்ம கடற்கரைக்கு அதான் சரி. இணைக்கிற இடத்துல எல்லாம் சூடு காட்டினா சுருங்கற ட்யூபு போடணும். ‘ஒயரை முறுக்கி டேப் சுத்தினாப் போதும்’னு எந்தக் கடையில சொன்னாலும் வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

அப்புறம், ஹெட்லைட்டுல இருக்கிற ஹாலஜன் பல்பைக் கழட்டிட்டு எல்.இ.டி. பல்பு போடாதீங்க. அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை இருக்கிற இடத்துக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது. எல்.இ.டி. போட்டா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், உங்களுக்கு ரோடு தெரியாது.

ஆரல்காத்து
அண்ணாச்சி சொன்னதைக் கேட்டீங்களா தம்பி? நான் சொல்ல வந்ததும் இதேதான். மாட்டுறது ஒரு நாள் வேலை, அதைப் பாத்துக்கிடுறது வருஷக் கணக்கு.

சட்டத்தையும் சொல்லிருதேன். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருக்கு. கேரளத்துல இருந்து போன வழக்கு அது. கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்துல 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போறவங்க இதை நல்லா யோசிக்கணும்.

முட்டம்_கடலோரம்
அதே சட்டத்துல 52-ஆம் பிரிவுக்குக் கீழ உள்ள விளக்கத்தையும் படிச்சுப் பாருங்கண்ணே. ‘மாற்றம்’னா வண்டியோட அமைப்பை மாத்தி, அதனால அடிப்படைத் தன்மையே மாறுறதுன்னு சொல்லுது. போல்ட்டுல மாட்டி போல்ட்டுல கழட்டுற கண்ணாடி எப்படி அடிப்படைத் தன்மையை மாத்தும்? சேஸிஸை வெட்டி நீட்டுறதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

சைலன்சர் விஷயத்துல நான் உங்க கட்சிதான். 175 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு 80 டெசிபல்தான் அளவு. மீறினா அதே சட்டத்துல 190(2) பிரிவுல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் லைசன்ஸும் போகும். நச்சுப் புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தக் குழாய்லதான் இருக்கு, கழட்டினா அதுவும் போச்சு. எங்க தெருவுல விடியக்காலம் கடல்ல இருந்து வந்து படுத்துத் தூங்குற ஆளுக இருக்காங்க. அவங்க தூக்கத்தைக் கெடுத்து நமக்கு ஒரு சந்தோஷம் வேண்டாம். தம்பி, அந்தக் காசை ஹெல்மெட்டுல போடுங்க.

குலசேகரம்_ரைடர்
யாரும் சேடில் பேக் பத்திப் பேசலையே. தம்பி மனைவியோட போறேன்னு எழுதியிருக்காரு, அதனால சொல்றேன்.

இடப்பக்கம் சேடில் பேக்கைத் தாங்குற கம்பி, அதாவது ஸ்டே, மாட்டணும்னா நிறையக் கடைகள்ல முதல்ல பின் சக்கரத்துல துணி சிக்காம மறைக்கிற சேலை கார்டைக் கழட்டுவாங்க. என் வண்டியிலயும் கழட்டினாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணும் தோணலை. ரெண்டு வாரம் கழிச்சு திற்பரப்பு ரோட்டுல என் மனைவியோட ஷால் சக்கரத்துல சுத்திக்கிச்சு. வளைவுல மெதுவாப் போனதால அவளுக்குக் கழுத்துல ஒரு சிவந்த கோடோட போச்சு. அன்னிக்கு என் கை நடுங்கினது இன்னும் மறக்கலை. பின் சக்கரத்துல பாதியாவது மூடியிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. நான் அதை அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

அதனால, சேலை கார்டோட சேர்ந்து மாட்டுற ஸ்டே கிடைச்சா மட்டும் இடப்பக்கம் போடுங்க. வலப்பக்கம் சைலன்சர் சூடு இருக்கு. துணிப் பையா இருந்தா நாலு விரல் இடைவெளி வேணும், இல்லேன்னா உருகும். ரெண்டு பக்கமும் எடை ஒண்ணா இருக்கணும். கனமான பொருளைப் பையோட அடியில வைங்க. பின் ஷாக் அப்சார்பர்ல ஆறு படி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு, ஆளும் பையும் ஏறும்போது ரெண்டு படி கூட்டுங்க.

லெக் கார்டு போடுங்க, நான் ஆதரவு. ரப்பர்த் தோட்ட ரோட்டுல மழைக்குச் சருகு ஊறிக் கிடக்கும், சும்மா நிக்கும்போதே கால் வழுக்கும். நின்ன இடத்துல ரெண்டு தடவை சாஞ்சிருக்கேன், ரெண்டு தடவையும் டேங்குக்கும் என் காலுக்கும் ஒண்ணும் ஆகலை.

முட்டம்_கடலோரம்
லெக் கார்டு ஸ்டெயின்லெஸ்ல வாங்கினா காந்தம் ஒட்டலைன்னு மட்டும் பாத்து நம்பாதீங்க. மட்ட ரகமான 202-லயும் காந்தம் ஒட்டாது. உப்புக் காத்துக்கு 316 ரகம் நிக்கும், 304 ஓரளவு தாங்கும். துரு எப்பவும் வெல்டு வச்ச இடத்துலதான் முதல்ல வரும், அங்க மாசம் ஒரு தடவை கிரீஸ் தடவுங்க.

தக்கலை350
இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு ரொம்ப நன்றி. சைலன்சர் இல்லை, அது முடிவு. லெக் கார்டு இந்த வாரம். சேடில் பேக் வலப்பக்கம் மட்டும் போடலாம்னு இருந்தேன், எடை ஒரு பக்கமாயிரும்னு இப்ப புரியுது. சேலை கார்டோட வர்ற ஸ்டே கிடைக்கிற வரைக்கும் பெட்ரோல் டேங்க் மேல மாட்டுற டேங்க் பேக் போதும்னு மனைவியும் சொல்லிட்டா. லைட்டு மார்த்தாண்டம் அண்ணன்கிட்டதான் போடுவேன். விண்ட்ஷீல்டுதான் இன்னும் குழப்பம்.

ஆரல்காத்து
நான் வேண்டாம்னுதான் இப்பவும் சொல்லுவேன். ஆனா என் வாயைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. முட்டத்துக்காரர் அவரோட சின்னக் கண்ணாடியைக் கழட்டிக் கொண்டுவரட்டும். ஞாயித்துக்கிழமை காலையில தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் வாங்க. அங்க இருந்து முப்பந்தல் வரைக்கும் ஒரு தடவை கண்ணாடி இல்லாம, ஒரு தடவை கண்ணாடியோட ஓட்டிப் பாருங்க. நான் பின்னாலயே வர்றேன்.

முட்டம்_கடலோரம்
கொண்டாறேன் அண்ணே. ஆனா விடியக்காலம் வேண்டாம், காத்து எந்திரிக்கட்டும், பத்து மணிக்கு வச்சிக்கிடுவோம். 60 கி.மீ. வேகத்துல ஒரு தடவை, 80-ல ஒரு தடவை. தம்பி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காம ஓட்டுங்க, அப்பதான் காத்து வண்டியை என்ன செய்யுதுன்னு கைக்குத் தெரியும். 8-ஆம் நம்பர் ஆலன் கீ ஒண்ணு எங்கிட்ட இருக்கு, 10-ஆம் நம்பர் ஸ்பேனர் யாராவது எடுத்துட்டு வாங்க.