புதுப்பிப்பு: பேச முடியாத அப்பாவுக்கு எழுத்து அட்டை, வழி கிடைத்தது

மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து பேச்சும் கை கால் அசைவும் போன அப்பாவுக்கு, தமிழின் 247 எழுத்தும் உள்ள அட்டையைக் காட்டிக் கேட்பது சரிவரவில்லை, வேறு வழி உண்டா என்று இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, எழுத்துகளை இனம் பிரித்துக் கேட்கும் யோசனைதான். "உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா?" என்று நாம் வாசிப்போம். வேண்டியது வந்ததும் அப்பா கண்ணை மேலே தூக்குவார். மெய்யில் ஓர் இனத்துக்கு ஆறே எழுத்து. அவற்றை வாசித்து எழுத்தைப் பிடித்ததும், புள்ளியா, குறிலா, நெடிலா என்று கேட்டு, குறில், நெடில் என்றால் அதில் எது என்றும் வாசித்தால் முடிந்தது.

அதற்கு முன் ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, எங்களுக்கு விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டு, "ஆம்" என்றால் கண் மேலே போகிறதா என்று உறுதி செய்தார். சிமிட்டல் தானாகவும் வந்துவிடும், அதனால் வேண்டாம் என்றார்.

எதிர்பாராதது: ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அப்பாவுக்கு யாருமே கண்ணாடி மாட்டிவிடவில்லை! மாட்டியதும் அட்டையில் பார்வை நின்றது.

முதலில் வந்த எழுத்துகள் ப, சு. "பசு கன்று போட்டதா என்று கேட்கிறீர்களா?" என்று அம்மா அவசரப்பட, அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பொறுமையாகத் தொடர்ந்தபோது வந்தது: "பசுவை வித்தாச்சா?"

இப்போதெல்லாம் "ஊகிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊகிக்கிறோம். பசுவை விற்கவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம், அங்கிருந்து தொழுவம் தெரியும்.