தனி ஆளாகத் தொழில் செய்பவருக்குச் சொந்த இணையதளம் தேவையா?

ஊசிநூல் ஈரோடு:
வணக்கம். ஈரோட்டில் 22 வருடமாகத் தையல் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். கடை கிடையாது. பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் யூனிட்டுக்கும் நானே போவேன். வீட்டு மெஷின், பவர் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மூன்றும் பார்ப்பேன். போன வாரம் ஒருவர் வந்து, 6 பக்கத்தில் இணையதளம் செய்து தருகிறேன், 18,000 ரூபாய், அப்புறம் வருடா வருடம் 6,000 என்றார். என் மகள் "ஒரே பக்கம் போதும்ப்பா, நாமே செய்யலாம்" என்கிறாள். கூட்டாளி மெக்கானிக்குகளோ அதெல்லாம் வேண்டாத வேலை என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரை பிளம்பர்:
அண்ணே, 18,000-மும் வேண்டாம், ஒரே பக்கமும் வேண்டாம். 2019-ல் நான் 22,000 கொடுத்துச் செய்தேன். செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, அவர் பெயரிலேயே வாங்கிவிட்டார். இரண்டு வருடம் கழித்து என் போன் நம்பர் மாறியது. மாற்றச் சொல்லலாம் என்றால் ஆள் தொழிலையே விட்டுப் போய்விட்டார். என் பழைய நம்பரோடு அந்தத் தளம் இன்னொரு வருடம் நின்றது. கூப்பிட்டவர்களுக்கு யாரோ ஒருவர் போனை எடுத்து "ராங் நம்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை வேலை போனது என்று கணக்கே இல்லை. அன்றைக்குத்தான் கூகுள் மேப்பில் பதிவு செய்தேன். காசு இல்லை. குழாய் உடைந்து வீட்டில் தண்ணீர் நிற்கும்போது எவரும் உட்கார்ந்து பக்கம் படிக்க மாட்டார்கள். மேப்பில் "பிளம்பர்" என்று தேடி, நட்சத்திரத்தைப் பார்த்து, போன் பொத்தானைத் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

நிரல் தாம்பரம்:
பிளம்பர் அண்ணா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அதற்குக் காரணம் டொமைன் உங்கள் பெயரில் இல்லாதது. இணையதளம் இருந்ததால் வந்த கஷ்டம் இல்லை அது. ஊசிநூல் அண்ணா, யார் செய்து கொடுத்தாலும் சரி, டொமைனை மட்டும் உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன், உங்கள் கார்டு வைத்து நீங்களே வாங்குங்கள்.

மேப் பதிவை நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அது மட்டும் போதும் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வணிகப் பதிவோடு சேர்த்துக் கூகுள் முன்பு ஒரு குட்டி இணையதளமும் இலவசமாகக் கொடுத்தது. பலர் அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அவற்றை எல்லாம் மூடிவிட்டார்கள். ஜூன் 10 வரை அந்த முகவரி மேப் பதிவுக்குக் கொண்டுபோய் விட்டது, அப்புறம் அதுவும் நின்றது. டிக்டாக் கதை எல்லோருக்கும் தெரியும்: 2020 ஜூன் 29-ல் தடை, அதை நம்பிப் பெயர் எடுத்தவர்கள் ஒரே ராத்திரியில் முகவரி இல்லாமல் போனார்கள். வருடம் ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு செய்து ஒரு டாட் இன் பெயர் வைத்திருந்தால், பக்கம் எங்கே இருந்தாலும் அச்சடித்த முகவரி மாறாது.

ஆரி அக்கா சேலம்:
நான் வீட்டிலிருந்தே ஆரி வேலை, பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு இன்ஸ்டாகிராம்தான் சோறு போடுகிறது. நேற்று முடித்த கல்யாணப் பிளவுஸை இன்று போட்டால் நாளை மூன்று பேர் "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்கிறார்கள். இணையதளம் வைத்தால் அதில் யார் தினமும் படம் ஏற்றுவது? ஆறு மாதம் மாறாமல் கிடக்கும் பக்கத்தைப் பார்த்தால், இந்த அம்மா இன்னும் தைக்கிறாரா இல்லையா என்றே சந்தேகம் வரும். தம்பி, உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே நீங்கள் இருங்கள்.

நிரல் தாம்பரம்:
அக்கா, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவார்கள். உங்களுக்கு இன்ஸ்டா சரி. மெஷின் மெக்கானிக்கிடம் தினம் புதுப் படத்தை யார் எதிர்பார்க்கப் போகிறார்கள்? எந்தெந்த மெஷின் பார்ப்பார், எந்த ஊர் வரை வருவார், வந்தால் எவ்வளவு, எந்த நேரத்தில் கூப்பிடலாம். இந்த நான்கும் வருடத்துக்கு ஒருமுறை மாறினாலே அதிகம். மாறாத விஷயத்துக்கு மாறாத ஒரு பக்கம் போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அடுத்த மாதம் தேடுபவருக்கு அது இல்லவே இல்லை.

மதுரை பிளம்பர்:
தங்கச்சி, அந்த நான்கையும் மேப் பதிவிலேயே போடலாமே? கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு வருவோம் என்று மட்டும் 20 இடம் வரை கொடுக்கலாம். நேரம் போடலாம், படம் போடலாம். வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியலே வைக்கலாம். எல்லாம் இருக்கும்போது தனியாகப் பக்கம் எதற்கு? உங்களுக்கு அரை நாள் வேலை. அண்ணனுக்கு அது பத்து நாள் தலைவலி. அந்தப் பத்து நாளில் பழைய வாடிக்கையாளர் 50 பேருக்குப் போன் போட்டு, நல்லா இருக்கா மெஷின் என்று கேட்டால் நிச்சயம் வேலை வரும்.

ஊசிநூல் ஈரோடு:
பிளம்பர் தம்பி சொல்வது எனக்கு மனதில் படுகிறது. ஆனால் ஒன்று. எனக்கு வரும் அழைப்பில் பாதி, நான் போகவே தேவை இல்லாதது. "அடியில் நூல் கூடு மாதிரி சுருண்டுக்குது, பாபின் கேஸ் போயிடுச்சு" என்பார்கள். 20 கிலோமீட்டர் போய்ப் பார்த்தால், அடிநூல் உருளை இருக்கும் அந்தப் பாபின் கேஸில் பழுது ஒன்றுமே இருக்காது. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காராமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். துணியை அழுத்தும் மெஷின் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்ப்பதால் வருவது. காலைத் தூக்கினால்தான் தட்டு விரியும், நூல் உள்ளே இறங்கும். இரண்டு நிமிட வேலை. அதற்கு 150 ரூபாய் வாங்க எனக்குக் கை கூசும், பெட்ரோலை நினைத்தால் வாங்காமலும் இருக்க முடியாது. ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தையலே விழவில்லை என்று கூப்பிடுபவர்களும் உண்டு. இதையெல்லாம் எழுதி வைக்க ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் யோசிக்கிறேன்.

நிரல் தாம்பரம்:
அண்ணா, உங்கள் பக்கமே இதுதான்! ஈரோட்டில் ஒரு அம்மா ராத்திரி பத்து மணிக்கு "தையல் மெஷின் அடியில் நூல் சுருண்டுகிறது" என்று தமிழில் தேடும்போது உங்கள் வரி அவர் கண்ணில் பட வாய்ப்பு இருக்கிறது. மேப் பதிவில் இவ்வளவு எழுத இடம் கிடையாது. 18,000 ரூபாய் கேட்டவர் எழுதினால் "தரமான சேவை, நியாயமான விலை" என்று எழுதுவார். ஊரில் எல்லோரும் அதையே போடுகிறார்கள், அதைப் படித்து ஒருவரும் கூப்பிடுவதில்லை.

மதுரை பிளம்பர்:
வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வேலை எப்படி வரும்? வாஷர் மாற்றுவது எப்படி என்று நான் எழுதி வைத்தால் என் பாதி வருமானம் போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சம்பளம் வாங்குபவர்களுக்கு இது புரியாது.

ஊசிநூல் ஈரோடு:
எனக்கு அப்படித் தோன்றவில்லை தம்பி. நூல் கோர்ப்பது வித்தையே இல்லை, மெஷின் விற்ற கடைக்காரர் சொல்லித் தந்திருக்க வேண்டியது. என் வித்தை, ஊசியும் அடிக் கொக்கியும் சரியாகச் சந்திக்க டைமிங் செட் பண்ணுவது, ஓவர்லாக்கில் நூல் பின்னும் லூப்பர் பிடிப்பது. அதை எழுதிக் கொடுத்தாலும் கை பழகாமல் வராது. தீபாவளிக்கு முந்திய பதினைந்து நாளில் தையல்காரர்கள் மெஷின் நின்றுவிட்டது என்று தவிப்பார்கள். அந்த நேரத்தில் நான் பள்ளிபாளையத்தில் யாருக்கோ நூல் கோர்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு ரொம்ப வருத்தம்.

டிடிபி சிவகாசி:
ஒரு விஷயம் சொல்ல வந்தேன். விசிட்டிங் கார்டு அடித்த கடையில் இருக்கும் தமிழை அப்படியே வாங்கிப் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். எங்கள் தொழிலில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் புரியாத எழுத்தாகத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. போனிலேயே தமிழில் தட்டச்சு செய்யுங்கள், அது யூனிகோடு, எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்து முறை. அப்புறம் கார்டையே படமாக ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். படத்துக்குள் இருக்கும் நம்பரைத் தட்டிக் கூப்பிட முடியாது.

நிரல் தாம்பரம்:
மிகச் சரி. படம் பற்றியும் சொல்கிறேன். போனில் எடுத்த ஒரு படம் 4 எம்பி இருக்கும், அதை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள். மெஷினைத் திறந்து வைத்து வேலை செய்கிற மாதிரி உங்கள் படம் ஒன்று போதும், இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் படம் வேண்டாம். நம்பரைத் தட்டினால் போன் போக வேண்டும், பக்கத்திலேயே வாட்ஸ்அப் பொத்தான். தளம் செய்யப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் வேண்டாம் என்பேன். நல்ல மென்பொருள்தான், ஆனால் மாதா மாதம் அப்டேட் செய்ய ஆள் இல்லாவிட்டால் எவனாவது உள்ளே புகுந்து குப்பை விளம்பரத்தைப் போட்டுவிடுவான். மகள் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக (இணையப் பக்கம் எழுதும் மொழி அது) எழுதட்டும். அந்தக் கோப்பை இணையத்தில் வைக்கும் இடங்களில் கிட்ஹப் பேஜஸ் பலருக்குத் தெரியும், ஆனால் தொழில் நடத்துவதற்கான இலவச இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியே சொல்கிறது. கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை இரண்டிலும் கோப்புறையை இழுத்துப் போட்டாலே பக்கம் வந்துவிடும், இந்த அளவுக்குக் காசும் இல்லை. டொமைன் வாங்கும்போது முதல் வருடச் சலுகை விலையில் ஏமாறாமல், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

ஆரி அக்கா சேலம்:
போய் வரும் கட்டணத்தைப் போடுவீர்களா தம்பி? நான் விலை போடுவதே இல்லை, "டிஎம் பண்ணுங்க" என்றுதான் எழுதுவேன். ஆனால் ஒரு வாடிக்கையாளராகச் சொன்னால், விலை தெரியாத இடத்துக்குக் கூப்பிட எனக்கே தயக்கமாகத்தான் இருக்கும்.

மதுரை பிளம்பர்:
போடாதீர்கள். பக்கத்துத் தெருக்காரர் 20 ரூபாய் குறைத்துப் போடுவார்.

ஊசிநூல் ஈரோடு:
குறைத்தால் குறைத்துவிட்டுப் போகட்டும் தம்பி. வாசலில் நின்று பேரம் பேசுவதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

நேற்று ராத்திரி மகளும் நானும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் மேப் பதிவு போட்டுவிட்டோம், அது பிளம்பர் தம்பிக்காக. டொமைன் என் பெயரிலேயே வாங்கியாயிற்று. பக்கத்தின் தொடக்கம் இப்படி:

"தையல் மெஷின் சர்வீஸ். உங்கள் இடத்துக்கே வருவேன். ஈரோடு மாவட்டம் முழுவதும். போய்ப் பார்க்க 150 ரூபாய், பாகம் மாற்றினால் தனி. காலை 9 முதல் இரவு 7 வரை கூப்பிடலாம். கூப்பிடும் முன் ஒரு நிமிடம்: அடியில் நூல் சுருண்டால், துணியை அழுத்தும் மெஷின் காலைத் தூக்கி வைத்து மேல் நூலை முழுவதும் உருவி, மறுபடி கோர்த்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் நான் வரத் தேவை இல்லை."

மதுரை பிளம்பர்:
அண்ணே, பக்கம் தேவை இல்லை என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனாலும் வைப்பது என்று முடிவு செய்த பிறகு சரியாக இருக்க வேண்டும். "ஈரோடு மாவட்டம் முழுவதும்" என்று போட்டால் தாளவாடி மலையிலிருந்தும் கூப்பிடுவார்கள், 150 ரூபாய்க்குப் போவீர்களா? பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம், அங்கே இருப்பவர்கள் நீங்கள் வர மாட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊர் பெயரைத் தனித்தனியாக எழுதுங்கள்.

ஊசிநூல் ஈரோடு:
ஐயோ, ஆமாம். மாற்றிவிட்டேன்: ஈரோடு, பள்ளிபாளையம், சித்தோடு, பவானி, பெருந்துறை, சென்னிமலை. சென்னிமலைக்கு மட்டும் 200.