மேற்படிப்புக்கு எந்தப் பிரிவு: தீவிர சிகிச்சையா, மனநலமா?

பி.எஸ்சி. நர்சிங் முடித்துச் சில வருடங்களாக ஐ.சி.யு.வில் வேலை. எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு இந்த மாதம்தான் கடைசி. பிரிவை முடிவு செய்ய முடியவில்லை.

வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் பழகிய வேலை என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவு சுலபம். ஆனால் மனம் இழுப்பது மனநலப் பக்கம். ஐ.சி.யு. நோயாளிகளுக்கு டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) வந்தால் நாள், இடம் தெரியாமல் ட்யூபைப் பிடுங்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்து பேசினாலே சிலர் அமைதியாகிவிடுகிறார்கள். அதை முறையாகக் கற்க வேண்டும்.

சீனியர்களிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டு பாடத்திட்டங்களையும் படித்தேன். மனநல வார்டுக்கு மாற்றல் கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்று மறுத்துவிட்டார்கள். ஆசிரியர் வேலையில் விருப்பமில்லை.

ஐ.சி.யு.விலிருந்து மனநல நர்சிங் படிக்கப் போனவர்கள் சொல்லுங்கள்: படிப்புக்குப் பிறகு நோயாளிகளோடு வேலை கிடைத்ததா, இல்லை கற்பிக்கத்தான் போக வேண்டியிருந்ததா?