சில்ட்டுக்கு ஒரு சொல்: ‘நொய்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நடவு வேலையில் ஒரு வாரமாக மடல்களைத் திறக்கவே முடியவில்லை. இன்றுதான் இழையை முழுதாகப் படித்தேன். ராக்கி மலைத்தொடரின் குளிர்ந்த பள்ளத்தாக்குகளில் உள்ள, சில்ட் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய மண் மணி) மிகுந்த புல்வெளி மண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது கேள்வி. ‘மலை வண்டல்’, ‘குளிர்க் கரிசல்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டுமே சரிப்படாது என்று நினைக்கிறேன்.

> வண்டல் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நல்ல சொல்தான். அதனால்தான் அதைக் கெடுக்க வேண்டாம் என்கிறேன். வண்டல் என்பது தண்ணீர் கொண்டுவந்து படியவிட்ட மண். அது மண் வந்த வழியைச் சொல்கிறது. சில்ட் என்பது மணியின் அளவு. அமெரிக்க வகைப்பாட்டில் 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், 0.05 முதல் 0.002 வரை சில்ட், அதற்கும் கீழே களி. எந்த வழியாக வந்தது என்ற பேச்சே அதில் கிடையாது. மலைப் பள்ளத்தாக்குகளில் உள்ள சில்ட்டில் ஒரு பங்கு காற்று அடித்துக்கொண்டு வந்து போட்டது. அதை வண்டல் என்றால் எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் எங்கள் பக்கத்துக்கு வருவோம். மன்னார்குடி, நீடாமங்கலம் வயல்கள் எல்லாம் ஆறு போட்ட வண்டல். பள்ளிக்கூடப் புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த மண்ணை விரலில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் களி. ஏரியில் வண்டல் எடுக்கிறோம் என்று டிராக்டரில் அள்ளிப்போகிறார்களே, அதிலும் களிதான் மிகுதி. சில்ட்டுக்கும் வண்டல் என்றே வைத்துவிட்டால், “இந்த வண்டல் மண்ணில் வண்டல் குறைவு” என்று எழுதும்படி ஆகும். படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்?

> நிறம் கறுப்பு. கரிசல் என்றால் என்ன தவறு?

நிறம் மட்டும்தான் பொருந்துகிறது. கோவில்பட்டிக் கரிசலோ, கோடையில் எங்கள் டெல்டாக் களியோ காய்ந்தால் இரும்பு. பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பில் கால் மாட்டும். அந்தப் புல்வெளி மண்ணின் குணம் நேர் எதிர். காய்ந்தாலும் இறுகாது, கையில் பொலபொலவென்று உதிரும். அமெரிக்க வகைப்பாட்டில் இத்தகைய மண்ணுக்கு உள்ள மாலிசால் என்ற பெயரே லத்தீனில் ‘மென்மை’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

கறுப்பின் காரணமும் வேறு. புல்லின் வேர் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே மடிந்து மட்குகிறது. அங்கே 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 8 டிகிரி செல்சியசைத் தாண்டாது. அந்தக் குளிரில் மட்கு சிதைவது மெதுவாகத்தான் நடக்கும், அதனால் சேர்ந்துகொண்டே போகிறது. நம் டெல்டாவிலோ அந்தச் சராசரி 22 டிகிரிக்கு மேல். எவ்வளவு தழை போட்டு மிதித்தாலும் இரண்டு போகத்தில் கரைந்துவிடுகிறது. வண்டி வண்டியாக எரு அடித்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

நீலகிரிப் புல்வெளி மண்ணும் இதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அங்கும் மட்கு நிறைய, மண்ணும் கறுப்பு. ஆனால் நீலகிரியில் பெருமழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுவதால் மண் புளிப்பு. மாலிசால் என்று சொல்ல மேல்மண்ணில் காரச்சத்து நிறைவு (சுண்ணாம்பு போன்ற காரச்சத்துகளை மண் பிடித்துவைத்திருக்கும் அளவு) 50 சதவீதமாவது வேண்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

இனி சில்ட். இது என் மனத்துக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீட்டுகிறேன்.

மணல், சில்ட், களி மூன்றும் கலந்த மண்ணான லோம் என்பதற்கு நம் வேளாண் நூல்களில் ‘இருமண்பாடு’ என்று இருக்கிறது. அழகான சொல். ஆனால் எண்ணிப் பாருங்கள், லோமில் இருப்பவை மூன்று. மணல், களி என்று இரண்டை எண்ணிவிட்டோம். நடுவில் இருப்பதற்குப் பெயர் இல்லை, அதனால் கணக்கிலும் வரவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

போன வாரம் அணைக்கரைப் பக்கம் போனபோது கொள்ளிடப் படுகையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தேன். ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி ஜன்னல் திண்டில் வைத்தேன். அறுபது எண்ணுவதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது. மற்றதெல்லாம் கலங்கலாக நின்றது. காலையில் பார்த்தால் மணலுக்கு மேல் வழுவழுவென்று இன்னொரு அடுக்கு. அதற்கும் மேலே தண்ணீர் இன்னும் டீ நிறத்தில்தான் இருந்தது, அது களி. 10 செ.மீ. தண்ணீரில் சில்ட்டின் மிகச் சிறிய மணி இறங்க ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

அந்த நடு அடுக்கைக் கரண்டியால் வழித்து விரலில் தேய்த்தேன். மணல் மாதிரி நறநறக்கவில்லை, களி மாதிரி ஒட்டவும் இல்லை. ஈர மாவு போல வழுக்கியது. காய்ந்ததும் ஊதினால் பறந்துவிட்டது. என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “நொய் மாதிரி இருக்கேடா” என்றார்.

அதுதான் சொல் என்று அப்போதே பட்டது. நெல்லைக் குத்தினால் முழு அரிசி, குருணை, நொய் என்று வரிசையாகப் பிரிகிறது. மூன்றுமே அளவைக் குறிக்கும் பெயர்கள். எந்த வயலில் விளைந்தது என்று அவை சொல்வதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான். முறத்தில் பெண்கள் செய்வதைக் கொழிப்பது என்கிறோம். ஆறு மணலை ஒதுக்குவதையும் கொழிப்பது என்றே சொல்கிறோம். எடைக்கும் அளவுக்கும் ஏற்பப் பிரிப்பதுதான் இரண்டிலும் நடக்கிறது. அந்த உறவு மொழியில் ஏற்கெனவே இருக்கிறது, நாம் பெயரை மட்டும் எடுத்து வைத்தால் போதும். நொய் என்றால் நுண்மை, மென்மை என்ற பொருளும் உண்டு.

சில்ட்டுக்கு ‘நுண்மணல்’ என்று சொல்லலாமே என்றால், அதை நான் ஏற்காததற்குக் காரணம், மணலிலேயே நுண்ணிய வகை ஒன்று தனியாக இருக்கிறது.

சரி, என் முன்மொழிவு: சில்ட் என்பது நொய். சில்ட்டி என்பது நொய்ப்பாங்கான. சில்ட் லோம் என்பது நொய் இருமண்பாடு. மாலிசாலுக்கு ‘புல்வெளி மென்மண்’. வெறும் ‘மென்மண்’ என்றால் எங்கள் பக்கம் சேற்றைத்தான் நினைப்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து,
வணக்கத்துடன்.

---

> ஐயா, விளக்கம் நிறைவாக இருந்தது. ஒரே ஒரு கவலை. தட்டச்சில் ஒரு கொம்பு மாறினால் ‘நொய்’ ‘நோய்’ ஆகிவிடும். ‘நோய்ப்பாங்கான மண்’ என்று அச்சாகிவிட்டால்? ‘பொடிமண்’ பாதுகாப்பாக இருக்காதா?

வணக்கம் அம்மா. கவலை நியாயமானது, நானும் இதை யோசித்தேன். கோவையிலிருந்து வந்து காவிரியில் சேரும் ஆற்றை நொய்யல் என்று தினமும் எழுதுகிறோம், யாரும் நோயல் என்று படிப்பதில்லை. கண் பழகிவிடும். பொடிமண்ணில் எனக்குள்ள தயக்கம் வேறு. உழுத புழுதியைக்கூட எங்கள் பக்கம் பொடிமண் என்பார்கள். களியைக் காயவைத்து இடித்தாலும் அது பொடிதான். அளவு நிற்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உழவர் சொல்லை எடுத்தால் அறிவியல் தரம் இறங்கிவிடும் என்று இழையின் தொடக்கத்தில் ஒரு கருத்து வந்தது. மண்ணியலில் இன்று உலகமே சொல்லும் செர்னோசெம் என்பது ரஷ்ய உழவர்களின் ‘கருமண்’தான். 1883இல் ரஷ்ய மண்ணியலாளர் தக்குச்சாயெவ் அதைப் பற்றி விரிவாக எழுதினார், பெயரை மாற்றவில்லை. நம் தஞ்சைப் பகுதியில் மண்ணியலாளர் பிரித்த மண் வகைகளான ‘மண் தொடர்’களுக்கும் களத்தூர், மதுக்கூர் என்று ஊர்ப்பெயர்தானே வைத்திருக்கிறார்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“இது குளிர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளில் அமைந்த, ஆழமான நொய் இருமண்பாடு. மேல்மண் கறுத்து, மட்கு செறிந்து, காய்ந்த நிலையிலும் உதிரும். நொய் மிகுதியால் பயிருக்குக் கிடைக்கும் நீரை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் புல் மூட்டம் போய்விட்டால் மழையிலும் காற்றிலும் எளிதில் அரிக்கும். குளிர்காலத்தில் ஈரம் உறையும்போது நிலம் மேலெழும்பும்.”

இதில் எங்கே இடறுகிறது என்று வரி வரியாகச் சொல்லுங்கள். ‘நிலம் மேலெழும்பும்’ என்பது எனக்கே நிறைவாக இல்லை. உறைபனியே பாராத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதற்குச் சொல் தேடுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் யாராவது, பனி விழுந்த காலையில் மண் பொருமி நிற்பதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?