வணிக வளாக முற்றத்திற்குத் தார் போடுதல்: பழையதன் மேலேயே போடலாமா, தோண்டிப் போட வேண்டுமா?

வளாக நிர்வாகி:

அனைவருக்கும் வணக்கம். நான் நிர்வகிக்கும் வணிக வளாகத்தில் கார்கள் நிற்கும் தளம், சரக்கு இறக்கும் பின்முற்றம், இரண்டையும் இணைக்கும் உள்பாதை ஆகிய மூன்றுக்கும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே சமயத்தில் தார் போடப்பட்டது. கார்கள் நிற்கும் பகுதி நிறம் வெளுத்து, அங்கங்கே மயிரிழை வெடிப்புகளோடு இருந்தாலும் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. பின்முற்றமோ முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்துவிட்டது. லாரிகள் திரும்பும் இடத்தில் சக்கரத் தடங்கள் பள்ளமாகி, மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் அங்கே தண்ணீர் வற்றுவதில்லை.

இரண்டு ஒப்பந்ததாரர்கள் வந்து பார்த்துச் சென்றார்கள். முதலாமவர், முழு வளாகத்துக்கும் பழைய தளத்தின் மேலேயே 40 மில்லிமீட்டர் கனத்தில் பாலிமர் கலந்த தார்க்கலவையைப் போட்டுவிட்டால் போதும் என்கிறார். இரண்டாமவர், பின்முற்றத்தை மட்டும் மண் வரை தோண்டி, ஜல்லி அடித்தளத்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்கிறார். பரப்பு குறைவாக இருந்தும் அவர் கேட்கும் தொகை முதலாமவர் கேட்பதைவிட அதிகம். கடை உரிமையாளர்களிடம் நான் காரணம் சொல்லியாக வேண்டும். எதை நம்புவது, எதைக் கேட்டுச் சரிபார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்:

தாங்கள் விவரித்திருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள் என்பதால், இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கார் தளம் வெயிலாலும் காற்றாலும் முதுமை அடைந்திருக்கிறது. அதாவது, ஜல்லியைப் பிடித்து வைத்திருக்கும் தார் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நெகிழ்வை இழந்து, கெட்டியாகி வெடிக்கிறது. பின்முற்றத்தின் நிலை அதுவன்று. முதலைத் தோல் வெடிப்பு பெரும்பாலும் தாரடுக்கின் அடிப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி வருவது. சக்கரம் கடக்கும் ஒவ்வொரு முறையும் தளம் கீழ்நோக்கி வளைந்து மீள்கிறது. அடியில் உள்ள ஜல்லியோ மண்ணோ தளர்ந்திருந்தால் அந்த வளைவு அதிகமாகி, கம்பியை மடக்கி மடக்கி முறிப்பது போலத் தாரடுக்கு முறிந்துவிடுகிறது. அதன் மேல் 40 மில்லிமீட்டர் புதிய அடுக்கை விரித்தாலும் அடியில் உள்ள வளைவு குறையப் போவதில்லை. பழைய வெடிப்புகள் அதே கோடுகளில் புதிய தளத்திலும் மேலெழுந்து வரும்.

கனரக வாகனங்களின் பங்கு எவ்வளவு என்பதைக் கடை உரிமையாளர்களுக்கு விளக்க ஒரு கணக்கு உதவும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை இடைவிடாமல் ஓட்டி நடத்தப்பட்ட ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட விதி அது: ஓர் அச்சின் சுமை இரண்டு மடங்கானால் தளத்துக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும், சுமை பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கை நெருங்கும். ஆகவே நாள் முழுவதும் வந்துபோகும் கார்களைத் தளம் பொருட்படுத்துவதேயில்லை என்று சொன்னால் மிகையாகாது. அன்றாடம் வரும் சரக்கு லாரிகளும் குப்பை லாரியும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மூன்று பகுதிகளுக்கும் ஒரே கனத்தில் போட்டிருந்தால் அதுதான் முதல் பிழை.

எந்த முடிவுக்கும் வருமுன், நான்கைந்து இடங்களில் சிறு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தாரடுக்கு உண்மையில் எவ்வளவு கனம், ஜல்லி அடித்தளம் எவ்வளவு, அந்த ஜல்லிக்குள் களிமண் ஏறியிருக்கிறதா, அடிமண் ஈரமாக இருக்கிறதா என்பன அரை நாளில் தெரிந்துவிடும். அடிமண் களிமண்ணாக இருந்தால், அதற்கும் ஜல்லிக்கும் இடையே ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் பிரிப்புத் துணியை விரிப்பது நல்லது. இல்லாவிடில் மழைக்காலத்தில் சேறு மேலேறி ஜல்லியின் இடைவெளிகளை நிரப்ப, ஜல்லி தன் பலத்தை இழந்துவிடும். அடித்தளத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் 150 மில்லிமீட்டர் அளவிலான அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தகுந்த ஈரத்தில் ரோலரால் இறுக்க வேண்டும். பிறகு சுமை ஏற்றிய டிப்பர் லாரியை அதன் மேல் மெதுவாக ஓட்டச் சொல்லி, தாங்கள் பக்கத்தில் நடந்து பாருங்கள். எங்கே தரை அமுங்கி எழுகிறதோ அங்கே வேலை முடியவில்லை என்று பொருள். இதற்குக் கருவியோ ஆய்வகமோ வேண்டியதில்லை.

தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் சரிவு கொடுத்து, அந்தச் சரிவு முடியும் இடத்தில் வடிகால் வாய் இருக்க வேண்டும். எத்தனை உயர்ந்த கலவையாக இருந்தாலும், தண்ணீர் தேங்கும் இடத்தில் அது நிலைக்காது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை தாரின் குறையால் வந்தவை அல்ல, நீரை வெளியேற்றத் தெரியாததால் வந்தவை.

தார்ப்பணி ஒப்பந்ததாரர்:

பெரியவர் சொன்னதை நான் ஏற்கிறேன்; ஆனால் பாலிமர் கலந்த தாரை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். வேகமாகச் செல்லும் வண்டியைவிட மெதுவாக ஊர்ந்து நின்று திரும்பும் வண்டிதான் தார்த்தளத்தை அதிகமாக அமுக்கும். சுமை நீண்ட நேரம் தங்கினால், வெயிலில் இளகிய தார் மெல்ல வழிந்து சக்கரத் தடம் பள்ளமாகிறது. தாருக்குப் பிஜி (செயல்திறன் தரம்) 64-22 என்று குறிப்பிட்டிருந்தால், முதல் எண் தளம் தாங்க வேண்டிய உயர் வெப்பத்தையும், இரண்டாம் எண் பூஜ்யத்துக்குக் கீழே தாங்க வேண்டிய குளிரையும் செல்சியஸ் அளவில் காட்டும். மெதுவாக வண்டிகள் நகரும் முற்றங்களுக்கு, அந்த ஊரின் வெப்பநிலைக்கு வேண்டியதைவிட மேல் எண்ணை ஒரு படி உயர்த்தித் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்குப் பாலிமர் பயன்படுகிறது. பலமான அடித்தளத்தின் மேல் போட்டால் அது பயன் தரும். பலவீனமான அடித்தளத்தை அது மறைக்கக்கூட மறைக்காது.

இப்போது எங்கள் தொழிலில் உள்ள ஒரு சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டில் '50 மில்லிமீட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது விரித்த கனமா, ரோலர் ஓடி இறுகிய பிறகுள்ள கனமா என்று கேளுங்கள். விரிக்கும்போது 50 இருப்பது இறுகிய பிறகு ஏறத்தாழ 40 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு பொருளை இந்த ஒரு சொல்லை எழுதாமலே மிச்சப்படுத்தலாம். 'இறுகிய பின் கனம்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒவ்வோர் அடுக்கின் கனமும் கலவையில் உள்ள பெரிய ஜல்லியின் அளவைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்; அதற்கும் குறைந்தால் கற்கள் ஒன்றோடொன்று புரண்டு பொருந்த இடமில்லாமல், ரோலரின் கீழே உடைந்துவிடும்.

இறுக்கம் அடுத்தது. புதுத் தளத்துக்குள் காற்றிடைவெளி 8 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து, தண்ணீரும் காற்றும் உள்ளே போக வழி உண்டாகிறது. சுடுகலவை ஏறத்தாழ 140, 150 டிகிரி செல்சியஸில் வந்து சேரும். அது 80 டிகிரிக்கு அருகே ஆறுவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்துவிட வேண்டும். மெல்லிய அடுக்கு விரைவில் ஆறும். காற்று வீசும் குளிர்ந்த நாளில் இன்னும் விரைவாக. லாரியில் கலவை தார்ப்பாயால் மூடப்பட்டு வருகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகு சில இடங்களில் உருளை வடிவில் வெட்டியெடுத்து அடர்த்தி சோதிக்கப்படும், குறைந்தால் தொகை பிடிக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், ரோலர் ஓட்டுநர் தானாகவே இரண்டு சுற்று கூடுதலாக ஓட்டுவார்.

கிடங்குக் கண்காணிப்பாளர்:

நான் பொறியாளன் அல்லன். ஒரு கிடங்கின் முற்றத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குப்பைத் தொட்டி நிற்கும் இடத்துக்கும், குப்பை லாரி முன்சக்கரத்தை ஊன்றித் தொட்டியைத் தூக்கும் இடத்துக்கும், டிரெய்லரைக் கழற்றி அதன் இரும்புக் கால்களை ஊன்றி நிறுத்தும் இடத்துக்கும் தார் போடாதீர்கள், கான்கிரீட் போடுங்கள். நாங்கள் முழுவதும் தாராகவே போட்டோம். முதல் கோடையிலேயே டிரெய்லர் கால்கள் தளத்தில் கிண்ணம் போலக் குழி பறித்துவிட்டன. டீசல் சொட்டும் இடங்களில் தார் கரைந்து ஜல்லி தனித்தனியாகப் பெயர்ந்து வந்தது. தாரும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள் என்பதால் ஒன்று மற்றொன்றைக் கரைப்பதில் வியப்பில்லை என்று பிறகுதான் ஒருவர் விளக்கினார்.

வளாக நிர்வாகி:

மூவருக்கும் மிக்க நன்றி. குழி தோண்டிப் பார்த்தோம். கார் தளத்தில் ஜல்லி சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தது. பின்முற்றத்தில் இறுகிய தாரின் கனம் 50 மில்லிமீட்டர்கூட இல்லை. ஜல்லியைக் கையில் எடுத்தால் களிமண் ஒட்டிக்கொண்டு வருகிறது. பின்முற்றத்தைத் தோண்டுவதென்றும், தொட்டி, டிரெய்லர் நிற்கும் இடங்களில் கான்கிரீட் என்றும் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கார் தளத்தை என்ன செய்வது? வேலை முடிந்தவுடன் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பூச்சு பூசித் தருவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறாரே, அது தேவையா?

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்:

கார் தளத்தின் வெடிப்புகளைச் சுத்தம் செய்து, உலரவிட்டு, சூடான ரப்பர் கலந்த தாரால் அடைத்தால் இப்போதைக்குப் போதும். அதன் பிறகு அங்கே மேற்பூச்சு பூசலாம். வெயிலையும் நீரையும் ஓரளவு தடுக்கும். அது வலிமை எதையும் சேர்ப்பதில்லை. புதுத் தளத்துக்கு உடனே பூசுவது தவறு. தாரில் உள்ள இலகுவான எண்ணெய்கள் வெளியேறித் தளம் கெட்டிப்படச் சில மாதங்கள் ஆக வேண்டும்.

வரிசையிலும் கவனம் வையுங்கள். தோண்டிய மண்ணை ஏற்றிச் செல்லும் டிப்பர்கள் உள்பாதை வழியாகத்தான் போகும் என்பதால், உள்பாதையில் செய்ய வேண்டிய வேலையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். பின்முற்றத்தின் மேலடுக்கு முடிந்து நன்றாக ஆறிய பிறகு, வெள்ளைக் கோடுகள் போடுவதற்கு முன், தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து முற்றம் முழுவதும் நீர் பாய்ச்சச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நீர் நிற்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு ஒப்பந்ததாரரிடம் காட்டுங்கள்; ரோலரும் ஆட்களும் அங்கே இருக்கும்போதே அவற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.