பழைய டாக்டர் இறந்துவிட்டார், புது டாக்டரிடம் அம்மா வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

கோத்தகிரி மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு 64 வயது. 2008-இல் கோவையில் இதய வால்வு ஆபரேஷன் ஆனது, மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, மாதம் ஒரு முறை ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், குறைந்தால் சீக்கிரம் உறையும்). ஆபரேஷன் கோவையில் என்றாலும் அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் பஜாரில் சின்ன கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர்தான். மூன்று மாதம் முன்பு அவர் காலமாகிவிட்டார்.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போன மழை ஞாபகம் இருக்கும். ரோடு அடைத்துவிட்டது, அம்மாவிடம் இரண்டு நாள் மாத்திரைதான் இருந்தது, நாங்கள் யாருக்கும் சொல்லவும் இல்லை. அவராகவே கணக்குப் போட்டு, குடையும் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து இரண்டு அட்டை கொடுத்துவிட்டுப் போனார். கிளினிக்கில் ஸ்டெதஸ்கோப் வைக்கும் முன்னால் என்னைக் கதவைச் சாத்தச் சொல்வார். அறை அமைதியானதும் அம்மாவின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று வால்வு சத்தம் வெளியிலேயே கேட்கும். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கடியாரம் நல்லா ஓடுதும்மா" என்பார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு மாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். சின்ன வயது டாக்டரம்மா. மரியாதையாகத்தான் பேசுகிறார், ஆனால் பாதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். முதல் நாளே இசிஜி, எக்கோ எல்லாம் புதிதாக எடுக்கச் சொன்னார். ஐ.என்.ஆர். 1.8 வந்தது. பழைய டாக்டர் எப்போதும் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருப்பார். இவர் மாத்திரை அளவைக் கூட்டினார். அடுத்த முறை 1.9. மறுபடியும் கூட்டியிருக்கிறார். "அவரு இருந்திருந்தா இப்படிக் கூட்டிக்கிட்டே போயிருக்க மாட்டாரு, எனக்கு அந்தப் பொண்ணு வேண்டாம்" என்று அம்மா படுத்துவிட்டார். எனக்கே அந்த டாக்டரம்மா மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது இப்படிப் பழகின டாக்டரை இழந்திருக்கிறீர்களா, எப்படிச் சமாளித்தீர்கள்? டாக்டரை மாற்றிப் பார்க்கலாமா?

குன்னூர் மருந்துக்கடை எழுதியது:

அக்கா, டாக்டரை மாற்றுவது இருக்கட்டும், முதலில் எழுந்து போய் அம்மாவின் மாத்திரை அட்டையை எண்ணுங்கள். என்றைக்கு வாங்கியது, எத்தனை வாங்கியது, இன்றைக்கு எத்தனை மிச்சம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது. அம்மாவிடம் கேட்காதீர்கள், போடுகிறேன் என்றுதான் சொல்வார். அசிட்ரோம் ஒன்றிரண்டு நாள் விட்டாலே ஐ.என்.ஆர். இறங்கிவிடும். இருபது வருடமாகக் கடையில் நிற்கிறேன், நம்பின டாக்டர் போய்விட்டால் சில பேர் மாத்திரை வாங்க வருவதே குறைந்துவிடும், எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சாப்பாடு. நம் ஊரில் கோஸ், புரோக்கோலி, கீரை எல்லாம் தோட்டத்திலிருந்து கூடை கூடையாக வீட்டுக்கு வரும். அதில் வைட்டமின் கே அதிகம், ஒரேயடியாக ஒரு வாரம் அதையே சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும். அதற்காகச் சாப்பிடவே கூடாது என்று இல்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் சரி. அப்புறம் குளிருக்கு மூட்டு வலிக்கிறது என்று வலி மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு வரும். சில ஆன்டிபயாடிக்கும் ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும், பல் டாக்டரிடம் போனாலும் அசிட்ரோம் போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கூடலூர்க்காரன் எழுதியது:

அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். நான் டாக்டர் விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

என் அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், சர்க்கரைக்கு இன்சுலின். அவரைப் பார்த்த டாக்டர் இறக்கவில்லை, மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார், ஆனால் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கப்புறம் மூன்று பேரிடம் போனோம். முதலில் பார்த்தவர் அப்பாவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, கேள்வி கேட்டால் எரிச்சல், இரண்டு தடவையோடு விட்டுவிட்டோம். இரண்டாவது டாக்டர் நல்லவர்தான், மாற்றலாகிப் போய்விட்டார். மூன்றாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தம்பி, என்னைவிடச் சின்னவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீங்க, சாப்பாடு எத்தனை மணிக்கு?" அப்பா வெறும் வயிற்றில் மேடு ஏறுகிறவர், அதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசி நேரத்தையே மாற்றி எழுதினார். அப்பா வழக்கம்போல "பழைய டாக்டர் இப்படிச் சொல்ல மாட்டாரு" என்று ஆரம்பித்தார். அந்தத் தம்பி கோபப்படவில்லை, "அவர் எப்படிக் கொடுத்தாரு, சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்று பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அப்பா இறங்கி வந்தார்.

அதனால் நான் பார்ப்பது இரண்டுதான். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்கிறாரா, நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா. பாசம் முதல் மாதத்திலேயே வராது, உங்கள் பழைய டாக்டரிடம் வந்ததும் எத்தனையோ வருடம் கழித்துத்தானே. உங்கள் டாக்டரம்மாவிடம் ஏன் கூட்டுகிறீர்கள் என்று நீங்கள் இதுவரை கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

ஊட்டி ஸ்டாஃப் நர்ஸ் எழுதியது:

கோத்தகிரி அக்கா, டாக்டரம்மா கூட்டியதில் தப்பு இல்லை. மெட்டல் மைட்ரல் வால்வுக்கு 1.8 என்பது ரொம்பக் குறைவு, வால்வில் ரத்தம் உறைந்துவிடும். அவர் கையில் இருப்பது அந்த எண் மட்டும்தான், வீட்டில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பயமாக இருப்பது வேறு. அம்மா நடுவில் மாத்திரையை விட்டிருந்து, அது தெரியாமல் அளவு கூடியிருந்து, இப்போது நீங்கள் கூடவே நின்று அத்தனையும் தவறாமல் போட வைத்தால் ஐ.என்.ஆர். எகிறிவிடும். எண்ணிப் பார்த்து மிச்சம் இருந்தால் நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ செய்யாமல் அன்றைக்கே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போவது, மலம் கறுப்பாகப் போவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, மூச்சுத் திணறல் என்றால் 108. அந்த டிக் டிக் சத்தம் மங்கினாலும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாது. உங்கள் பழைய டாக்டர் கதவைச் சாத்திக் கேட்டது வெறும் பாசத்துக்கு மட்டும் இல்லை அக்கா. அதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பழைய ரிக்கார்டு ஏதாவது இருக்கிறதா? கோவையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, வால்வு கார்டு (என்ன வால்வு, என்ன சைஸ் என்று அதில் இருக்கும்) தேடிப் பாருங்கள். தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளி ரிக்கார்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. ஆனால் மூன்று வருடம்தான் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும், 2008 என்றால் இருக்கவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கோத்தகிரி மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், இந்த ஒரு வாரம் ஓட்டமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே எண்ணினேன். 11 மாத்திரை அதிகமாக இருந்தது. கை நடுங்கிவிட்டது. அம்மாவைத் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம், "நான் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாருடி. அவரே போயிட்டாரு" என்றார். வேண்டுமென்று விடவில்லை, சில ராத்திரி மாத்திரையைக் கையில் எடுத்தால் அவர் ஞாபகம் வந்து, அப்படியே வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். நானும் அவர் சாவுக்கு அழுதவள்தான், ஆனால் அம்மாவுக்கு இவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் போனது.

காலையில் மருத்துவமனைக்குப் போன் போட்டேன், டாக்டரம்மாவே பேசினார். கோபப்படவில்லை. அன்றைக்கு என்ன அளவு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுநாளே வரச் சொன்னார். ரிக்கார்டு என்று கேட்டீர்களே, வால்வு கார்டு கிடைக்கவில்லை, ஆனால் ஒரு நோட்டு இருக்கிறது. மாதாமாதம் ஐ.என்.ஆர். எண், மாத்திரை அளவு எல்லாம் பழைய டாக்டர் கையால் எழுதியது. அம்மா அதைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார், இதுவரை புது டாக்டரிடம் காட்டவே விடவில்லை, அவர் கையெழுத்து, போனால் திரும்ப வராது என்று. பஜாரில் மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன், நோட்டு மறுபடி புடவைக்கு அடியிலேயே போய்விட்டது, அதற்குத்தான் அம்மா சம்மதித்தார்.

டாக்டரம்மா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அன்றைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. ஒரு பக்கத்தில் எண் 2.0, ஓரத்தில் "தோட்டத்தில் கோஸ் வெட்டு, மாத்திரை மாற்றவில்லை, 10 நாளில் மறுபடி பார்" என்று இருந்தது. அதில் விரலை வைத்து, "இந்த மாதிரி எனக்கு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்கம்மா" என்றார். ஏன் கூட்டினீர்கள் என்று நானும் கேட்டேன், கூடலூர் தம்பி சொன்ன பிறகு, பதில் பொறுமையாகச் சொன்னார். ஐ.என்.ஆரும் அன்றைக்கே எடுத்தார், 2.1. அளவைப் பழைய நோட்டில் இருந்தபடியே வைத்து, நான் கூட இருந்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது அம்மாவாகவே, "கதவைச் சாத்திட்டுக் கேட்டுப் பாருங்க" என்றார். சாத்தினார், ஆனால் வெளியே வராந்தாவில் ஒரே கூட்டம், குழந்தைகள் சத்தம், சரியாகக் கேட்கவில்லை, ஸ்டெதஸ்கோப் வைத்துத்தான் கேட்க முடிந்தது.

அம்மாவுக்கு இன்னும் முழு மனசு இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், நானும் பேசவிட்டேன். இப்போது ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு டிவியை அணைத்து நானே கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், எவ்வளவு வந்தது என்று வந்து எழுதுகிறேன்.